ஒரு நாளைக்கு ஒரு முழம்

அறுபதுகளின் கடைசியில், தறி போட்டிருந்த வாடகை வீட்டை ஐப்பசி மழைக்கு முன் காலி செய்யும்படி ஆகிவிட்டது. திருப்பருத்திக்குன்றம் போகும் வழியில் என் அப்பா கொடுத்த துண்டு மனை ஒன்று இருந்தது. செங்கல்லுக்கு வழியில்லை. மண்ணும் வைக்கோலும் போதும் என்றாள் முசரவாக்கத்துக்காரி ஒருத்தி. அவளுக்கும் என் வயதுதான், மண்சுவர் வைப்பதில் கெட்டிக்காரி. மூன்று நாள் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தாள்.

மண்ணை முதல் நாளே ஊறப்போட வேண்டும். நறுக்கிய வைக்கோலைத் தூவி, நன்றாகக் குழைகிறவரை மிதிக்க வேண்டும். பிறகு உருண்டை உருண்டையாக எடுத்து அடித்து வைக்க வேண்டும். "ஒரு நாளைக்கு ஒரு மொழந்தாம்மா. அது காஞ்சாதான் மேல வெக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் நடவுக்குப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரரை நான் மண்ணில் கை வைக்க விடவில்லை. காலால் மிதிப்பதோடு சரி. கை சொரசொரத்தால் பட்டு இழை மாட்டும். அவர் கைதானே எங்கள் சோறு. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல். மேகம் கட்டியதைப் பார்த்துப் பயந்து, ஒரு நாள் இரண்டு முழம் ஏற்றிவிட்டேன். விடிந்து பார்த்தால் சுவர் தொந்தி தள்ளிக்கொண்டு நின்றது. அழுதுகொண்டே இடித்தேன். அவர் அதே மண்ணை மறுபடி மிதித்தார்.

புரட்டாசி முடிவதற்குள் கூரை வேய்ந்து தறியை இறக்கிவிட்டோம். முதல் புடவை கோர்வை, உடல் ஒரு நிறம் கரை ஒரு நிறமாகக் கோத்து நெய்வது. அதற்கு இரண்டு பேர் வேண்டும்: உடலை அவர் நெய்வார், ஒரு பக்கத்துக் கரைக்கு நான் இழை சுற்றிய நாடாவைப் போட வேண்டும். கரையைத் தொட்டதும் என் விரல் வெடிப்பில் இழை மாட்டி அறுந்தது. மறுபடி தொட்டேன், மறுபடி அறுந்தது. அவர் கையை அத்தனை பத்திரமாகக் காத்த எனக்கு, என் கையும் தறிக்குப் போகிற கைதான் என்று தோன்றவே இல்லை.

"வேற ஆள வெச்சி நெய்ங்க" என்றேன்.

அவர் தறிக்குழியிலிருந்து எழுந்து விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். என் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார்.

"சொவுரு காயறதுக்குக் காத்துக்கினு இருந்தோம் இல்ல. இதுவும் ஆறட்டும்மா."

பத்து நாள் தறி சும்மா கிடந்தது. வெளியே மழை கொட்டியது, சுவர் அசையவில்லை. கரை போட அடுத்த தெருவிலேயே ஆள் இருந்தது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் தேடிப் போகவே இல்லை.