படிக்காமலே நிரம்பிய கோடிட்ட இடங்கள்

“டீச்சரம்மா, உங்க நாலாம் பாரத்துப் பொண்ணுங்களக் கொஞ்சம் குடுங்க. ஒரு இலக்கணப் புஸ்தகத்தக் கொன்னுட்டுத் தந்துர்றேன்,” என்றார் கங்காதரன், ஜன்னலுக்கு வெளியே நின்று.

“யாரோட புஸ்தகம் சார்?” என்று கேட்டாள் தாட்சாயிணி.

“இந்த வாட்டி என்னுது.”

“அதை வாங்கிட்டுப் போக அச்சாபீஸ்காரர் இன்னிக்கு வர்றார்னு சொன்னீங்களே?”

“அதான் அவசரம். ரயிலு ஆவடி வந்திருக்கும். இன்னிக்குக் குடுக்கலேன்னா இந்த வருஷம் போச்சு. ஆனா பாக்காம எப்பிடிக் குடுக்கறது?”

பூந்தமல்லிப் பையன்கள் பள்ளியின் இங்கிலீஷ் வாத்தியார் இப்படித்தான், மீசையில் சாக்குத்தூளோடு பெண்கள் பள்ளியில் வந்து முளைப்பார். சுற்றுவட்டாரப் பள்ளிகள் எந்த இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தை வாங்கலாம் என்று சொல்லும் வேலை எப்படியோ அவர் தலையில் விழுந்துவிட்டது. மற்றவர்களாக இருந்தால் பொருளடக்கத்தைப் புரட்டி, தாளைத் தடவிப் பார்த்து, தேவலை என்பார்கள். கங்காதரன் புத்தகத்திலுள்ள பயிற்சியைக் கரும்பலகையில் எழுதுவார். பிறகு கோடிட்ட இடங்களை மட்டும் விட்டுவிட்டு, மற்றச் சொற்களை ஈரத்துணியால் அழிப்பார். “இப்ப நிரப்புங்கம்மா.” முதல் இரண்டு விடைகளைச் சொல்லிக் கொடுத்ததும் மீதியைப் பெண்கள் மளமளவென்று நிரப்பிவிட்டால் அவருக்குக் குஷி தாங்காது. “பாத்தீங்களா, வாக்கியமே இல்ல, பதில் மட்டும் வந்துகினே கீது. இத்த வாங்கி இன்னா பண்றது, அடுப்பு பத்த வெக்கவா?” லண்டன் துரை எழுதி, தங்க எழுத்து மின்ன வந்த புத்தகத்தையும் அப்படித்தான் தள்ளினார்.

தாமே ஒன்று எழுத உட்கார்ந்த பிறகு அவர் வீட்டுச் சுவர்களில் இடமில்லை. “மாவு ஜாடி மேலகூட இங்கிலீஷ ஒட்டி வெச்சிகிறாரும்மா. தோசை சுடணும்னா நான் பாஸ் பண்ணணும் போல கீது,” என்பாள் மனைவி சாமுண்டீஸ்வரி.

அன்று அவர் வகுப்புக்குள் வரவில்லை. “நான் நின்னா பொண்ணுங்க என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுடும்,” என்று ஒரு பயிற்சித் தாளை மட்டும் நீட்டிவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். தாட்சாயிணியே எழுதினாள்; அவளே அழித்தாள்; முதல் இரண்டு விடைகளையும் அவளே சொன்னாள். யார் எழுதிய புத்தகம் என்று சொல்லவில்லை. எப்படியாவது இந்தப் பெண்கள் திணற வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

கடைசி பெஞ்சுப் பூங்காவனம் எழுந்து வந்தாள். ஈரமும் கோடும் மட்டுமே மிச்சமிருந்த மற்ற வரிகளை ஒன்றுவிடாமல் நிரப்பினாள். எல்லாம் சரி. வகுப்பு கைதட்டியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த கங்காதரன் பலகையைப் பார்த்தார். பிறகு பரபரவென்று உள்ளே வந்தார். “பலே கண்ணு. எப்பிடிப் போட்டே?”

“எல்லாத்துக்கும் ஒரே மாரிதான சார் வருது?”

தெருமுனையில் அச்சாபீஸ்காரரின் ஜட்கா வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. அவர் கையெழுத்துப் பிரதியையும் சிவப்புப் பென்சிலையும் தாட்சாயிணியின் கையில் திணித்தார்.

“வண்டிய நான் திருப்பி அனுப்பிட்டு வர்றேன். அதுக்குள்ள, படிக்காமலே பதில் தெரியற எடத்தையெல்லாம் இந்தப் பொண்ணையே செவப்புக் கோடு போட்டு அடிச்சுடச் சொல்லுங்க டீச்சரம்மா. எனக்குக் கை வராது.”