அக்காவின் தட்டைப்பயறுக்கு நான் போட்ட யூரியா

அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் என் குற்றம் ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உழவர் பிரச்சினைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அக்கா என்னை நம்பி விட்டுச்சென்ற ஒரு மா நிலத்துத் தட்டைப்பயறை ஒரே மாதத்தில் கெடுத்தேன். அதுவும் உரம் போட்டு.

அக்கா வலங்கைமானுக்கு அருகில் பிறந்து, பக்கத்து ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். அத்தான் இளவயதில் காலமானபின் இரண்டு கறவை மாடுகளை நம்பி மகளைப் படிக்கவைத்தார். ஞாயிறு பூசைக்கும் பால் கறந்துவிட்டுத்தான் போவார். பங்குச் சாமியாரும் அவருக்காகக் கொஞ்சம் காத்திருப்பார்.

இடுப்பு அறுவைக்கு அவர் தஞ்சாவூர் போக நேர்ந்தபோது, இனி மாடுகளை விற்றுவிட்டு என் வீட்டோடு வந்துவிடவேண்டும் என்று உறவினர் அனைவரும் வற்புறுத்தினோம். அக்கா சொன்னது இதுதான்: “கொல்லையில தீவனம் இருக்கிறவரை மாடு இருக்கும். மாடு இருக்கிறவரை நான் இங்கதான்.”

மாட்டுத் தீவனத்துக்காக விதைத்துப் பத்து நாளான தட்டைப்பயறை என்னிடம் ஒப்படைத்தார். “இடையில வெளுக்கும். பயப்படாத. தண்ணி பாய்ச்சு, வேற ஒண்ணும் போடாத.”

வெளுத்தது. நெல்லைத் தவிர வேறெதுவும் அறியாத குடும்பத்துப் பிள்ளை நான். நாற்று வெளுத்தால் யூரியா என்பது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. வீசினேன். நான்கே நாளில் கொடி கருகருவென்று எழுந்தது. படமெடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். “ஏன் தம்பி இவ்வளவு கருப்பா இருக்கு?” என்று மட்டும் கேட்டார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து அசுவினிப் பூச்சி அப்பியது. பயறைவிடக் கோரைக் களை வேகமாக வளர்ந்தது. யூரியா தீர்ந்ததும் கொடி மறுபடி வெளுத்துப் படுத்தது. அக்கா ஊன்றுகோலோடு வந்து, ஒரு செடியைப் பிடுங்கச் சொல்லிப் பார்த்தார். வேர், சவரம் செய்த முகம்போல வழவழவென்று இருந்தது.

“முடிச்சு எங்க?”

“என்ன முடிச்சு?”

“வேர்ல முடிச்சு போட்டுத்தான் இது காத்துல இருக்கிற சத்தை இழுக்கும். முடிச்சு வேலைசெய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் கொஞ்சம் வெளுத்துத்தான் கிடக்கும். அதுக்குள்ள நீ ஊட்டிவிட்டுட்ட. சோறு ஊட்ட ஆள் இருந்தா யாரு தம்பி உலை வைப்பா?”

அவர் ஊட்டி வளர்ந்தவன் நான்.

அக்காவை ஊரைவிட்டுக் கிளப்ப நான் வேண்டுமென்றே செய்தேன் என்று சொந்தத்தில் சிலர் பேசினார்கள். அவ்வளவு அறிவு எனக்கு என்றுமே இருந்ததில்லை. ஆனால் தீவனம் போய்விட்டது. மாட்டுத் தரகரும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். அக்கா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

பிறகு மறுபடி விதைத்தார். எங்கள் களிமண்ணில் சூப்பர் பாஸ்பேட்டை வெறுமனே போட்டால் மண்ணே பிடித்துவைத்துக்கொள்ளும் என்று, முன்பே எருவில் கலந்து மூடிவைத்திருந்ததை உழவுச் சாலில் இட்டார். வேரில் முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் நுண்ணுயிரைக் கஞ்சியில் குழைத்து விதையில் தடவினார். யூரியா மூட்டையை என் காரிலேயே ஏற்றிவிட்டார். ஒரு மாதம் கழித்து ஒரு வேர்முடிச்சை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு. “இப்ப வேலை நடக்குது” என்றார். மாடுகள் இருந்தன, அக்காவும் கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்தார். சென்ற ஆண்டு ஒரு காலையில், கறவை முடித்து உட்கார்ந்தவர் எழவில்லை.

அறுவை செய்த மருத்துவருக்கும், இறுதிச் சடங்கில் துணைநின்ற பங்கு மக்களுக்கும், இன்று அந்த மாடுகளை வைத்துப் பராமரிக்கும் பக்கத்து வீட்டு ரீத்தாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை ரீத்தாவிடம் படித்துக்காட்டி, அக்காவுக்கு என்மேல் வருத்தம் இருந்ததா என்று கேட்டேன்.

“வருத்தமெல்லாம் இல்லண்ணே. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறப்பவே, திரும்ப விதைக்க ஒரு பை விதையை எங்கிட்ட குடுத்துட்டுத்தான் போனாங்க.”