மேட்டுக்குப் போட்ட பிரீவீல்

எங்கள் வீட்டில் ஒரே சைக்கிள். வார நாட்களில் அது என்னோடு கல்வராயன் மலையில் இருக்கும். நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சனி, ஞாயிறு என் அண்ணனுக்கு. கரும்புக் கொல்லைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் அவன் ஓட்டுவான்.

மலையேற்றத்தில் மிதித்து மிதித்து எனக்கு முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. ஒருநாள் கள்ளக்குறிச்சியில் சைக்கிள் கடையில் நிறுத்தி, பின்சக்கரத்துப் பல்சக்கரமான பிரீவீலைக் கழற்றிவிட்டுப் பல் அதிகமுள்ள பெரியதைப் போடச் சொன்னேன். செயினிலும் கண்ணி சேர்த்தார்கள். இனி மேட்டில் கால் லேசாகச் சுற்றும். சமதரையில் எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊரும். ஊரட்டுமே, எனக்கு மேடுதான் முக்கியம். அண்ணனைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாமென்பான், நான் அதற்கப்புறமும் போட்டிருப்பேன்.

சனிக்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவன், வண்டியை வாசலில் சாய்த்துவிட்டு என் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டான். எதற்கும் முதலில் அவன் கைதான் பேசும்.

“இன்னாடா பண்ணி வெச்சிக்கிற? நானும் மெதிச்சிக்கினே இருக்கேன், நவுரவே மாட்டேங்குது. மாத்துடா!”

“ஒருவாட்டி மலை ஏறிட்டு வந்து பேசுண்ணா” என்றேன். இன்னொரு குத்து விழுந்தது. நான் மாற்றவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம் அது. சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் நான் ஊரில் இருந்தேன். எங்கள் ஊர் முனையில் மரம் வெட்டியவர்களில் அண்ணனும் ஒருவன். அவன் ஓட்டி வந்த சைக்கிள் ஓரமாக நின்றது. நான் கரும்பு வரப்பிலிருந்து வேடிக்கை பார்த்தேன்.

போலீஸ் வேன் மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. லத்தியோடு குதித்தார்கள். கூட்டம் மொத்தமும் கரும்புக்குள் பாய்ந்தது. அண்ணனும் பாய்ந்திருந்தால் தப்பியிருப்பான். வீட்டுக்கு இருந்த ஒரே வண்டியை விட்டுவிட்டு ஓட அவனுக்கு மனசு வரவில்லை. ஓடிப்போய் அதில் ஏறி வெறி பிடித்தவன் போல மிதித்தான். கால்கள் பறந்தன, வண்டி ஊர்ந்தது. ஓடிவந்த ஒரு போலீஸ்காரன் கேரியரை எட்டிப் பிடித்துவிட்டான். கீழே தள்ளி, வலது முட்டியிலேயே திரும்பத் திரும்ப அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் வரப்பு வரைக்கும் கேட்டது.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து வீசினேன். ஒருவன் வாயில் பட்டு ரத்தம் கொட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. அவர்கள் அண்ணனைப் போட்டுவிட்டு என்னைத் துரத்திக்கொண்டு கரும்புக்குள் இறங்கினார்கள். கரும்புச் சோகை முகத்தைக் கிழிக்க ஓடி, சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். அவர்கள் இன்னும் கரும்புக்குள் என்னைத் தேடிக்கொண்டிருக்க, அண்ணன் விழுந்த இடத்திலேயே கிடந்தான், பக்கத்தில் சைக்கிளும்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனால் வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள். வீட்டுக்கும் தேடி வருவார்கள். மலையில் என் பள்ளிக்கூடத்து ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருவர் இருந்தார். அண்ணனைக் கேரியரில் ஏற்றி, என் வேட்டியைக் கிழித்து அவன் இடுப்பை என் இடுப்போடு கட்டினேன்.

மலையடிவாரத்துப் பரிகம் தாண்டி மேடு தொடங்கியது. உடைந்த கால் தொங்கி ஆடியது. ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் அலறி என் முதுகில் குத்தினான். “பாவி, உன் பிரீவீல்ல நெருப்ப வெக்க! அதாலதான்டா மாட்டிக்கினேன்!” வண்டி ஏறிக்கொண்டிருந்தது. பழைய பிரீவீலாக இருந்தால் முதல் வளைவிலேயே நின்றிருக்கும்.

அடுத்த வளைவில் குத்து நின்றுபோனது. அவன் தலை என் தோளில் சாய்ந்தது. “அண்ணா” என்றேன். தோளை அசைத்துப் பார்த்தேன், தலை துவண்டு ஆடியது. நிறுத்தினால் இரண்டு பேரும் பள்ளத்தில் உருளுவோம்.

“அடிடா! ஏன்டா நிறுத்திட்ட? கை விழுந்துடுச்சா? அடிடா!” என்று கத்தினேன். பிறந்ததிலிருந்து நான் அவனை ‘டா’ போட்டதில்லை.

இன்னும் ஒரு வளைவு ஏறினேன். அப்புறம் முதுகில் ஒரு குத்து விழுந்தது, பச்சைப் பிள்ளை குத்தினது போல.

“யாரடா... டா போடற?” என்றான்.

ஓவென்று அழுதுகொண்டே மிதித்தேன்.