நிமிடத்துக்கு இருபத்தாறு மூச்சு

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. நடந்தது நள்ளிரவிலும் இல்லை, சுடுகாட்டுப் பக்கமும் இல்லை. வெயில் இறங்காத பட்டப்பகல். மணி நாலு முப்பத்தாறு. எதிர் வீட்டில் ஒருவர் பாட்டுப் போட்டுக்கொண்டு கார் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு காதில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு அது நடந்தது.

நான் மூச்சு மெஷின் மெக்கானிக். நுரையீரல் கெட்டுப்போனவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ள எங்கள் கம்பெனி வாடகைக்கு மெஷின் கொடுக்கிறது. மாஸ்க்கை முகத்தில் மாட்டினால் மெஷின் காற்றை உள்ளே தள்ளும். முன்பெல்லாம் அது வெறும் காற்றடிக்கும் பெட்டி. இப்போது உள்ளே சிம் கார்டு இருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறதா, எல்லாம் எங்கள் ஆபீஸ் திரைக்கு வந்துவிடும். ஒரே ஒரு நர்ஸ் உட்கார்ந்த இடத்திலிருந்து இருநூறு பேருடைய மூச்சைப் பார்த்துக்கொள்வார். அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அங்கிருந்தேதான். அவர் எழுந்து போனால் ஆபீஸில் இருக்கிற எங்களில் ஒருவர் அந்த சீட்டில் உட்காருவோம். இதனால் பிழைத்தவர்கள் உண்டு. பக்கத்து அறையில் தூங்கிய மகனுக்குத் தெரிவதற்குள் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்ட வீட்டை நானே பார்த்திருக்கிறேன். மெஷின்மேல் பழி போட இதை எழுதவில்லை.

இது நடந்த வீட்டுப் பெரியவரை நாங்கள் 'சூப்பர்வைசர்' என்போம். லாரி ஷெட்டில் முப்பது வருஷம் ஆட்களைக் கட்டி மேய்த்தவர். மெஷின் மாட்டப் போன முதல் நாளே என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். "நான் விடுற மூச்சைக்கூட எண்ணுவீங்களாடா? எண்ணி என்ன பண்ணப் போறீங்க, மார்க் போடப் போறீங்களா?"

ஒரு திங்கட்கிழமை அவர் இறந்துபோனார். மெஷினை எடுத்துப் போகச் சொல்லி அவர் மருமகள் போன் செய்தார். இன்று, நாளை என்று நான் தள்ளிப்போட்டதில் பதினோரு நாள் ஓடிவிட்டது.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று ஐம்பதுக்கு ஆபீஸிலிருந்து நர்ஸ் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, சூப்பர்வைசர் மெஷினை எடுத்துட்டியா?"

"இல்லக்கா. நாளைக்குப் போறேன்."

"இன்னைக்கே போ. யாரோ அதை மாட்டிக்கிட்டிருக்காங்க."

"யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? மூச்சு வருது. நிமிஷத்துக்கு இருபத்தாறு."

ஒருவருக்கு வைத்த அழுத்தத்தில் இன்னொருவர் மாட்டிக்கொண்டால் ஆபத்து. வண்டியை எடுத்தேன். நாலு இருபத்தைந்துக்கு அந்த வீட்டு வாசலில் நின்றேன்.

கதவைத் திறந்த மருமகள் வாங்க என்று சொல்லவில்லை.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"மன்னிச்சுக்கங்கம்மா. வீட்ல யாராவது அந்த மெஷினை மாட்டிப் பாத்தீங்களா?"

"இருக்கறது நானும் என் வீட்டுக்காரரும். அவர் ட்யூட்டியில இருக்கார். அந்த ரூமைப் பூட்டிப் பதினோரு நாளாச்சு."

சாவியை என் கையில் கொடுக்கவில்லை. படிக்கட்டின் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார்.

"மேல போய் எடுத்துட்டு வாங்க. நான் கேட் பக்கத்துல நிக்கிறேன்."

"நீங்க வரலையா?"

"வரமாட்டேன்."

மாடியில் ஒரே அறை. பூட்டு சிக்கலில்லாமல் திறந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டிலில் மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். தரையில் மெல்லிய தூசி. என் செருப்புத் தடம் பதிந்தது. வேறு தடம் இல்லை.

மெஷின் ஸ்டூல்மேல் இருந்தது. ஒயரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். பிளக் சுவரில் இல்லை. பேட்டரியோ இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. திரை இருட்டு.

'சிக்னல் கோளாறு' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெஷின்மேல் கை வைத்தேன்.

சூடாக இருந்தது.

கட்டில் கம்பியில் மாஸ்க் தொங்கியது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் ஆவி படிந்து, பொடிப்பொடியாக நீர்த்துளிகள். இப்போதுதான் ஒருவர் முகத்திலிருந்து கழற்றியது போல...

நாலு முப்பத்தாறு. அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, மெஷின் ஆஃப்ல இருக்கு. பிளக்கே மாட்டலை."

"ஓடுதேப்பா. இருபத்தாறு. கசிவு பூஜ்யம். மாஸ்க் முகத்துல அப்படியே ஒட்டி உக்காந்திருக்கு."

"மாஸ்க் என் கையில இருக்குக்கா."

அக்கா மெஷின் நம்பரைப் படிக்கச் சொன்னார். ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். அதே மெஷின்தான்.

சரி, முதலில் பையில் போடுவோம். மெஷினைத் தூக்கினேன்.

"முப்பத்திரண்டு," என்றார் அக்கா. "என்ன பண்றே? மூச்சு ஏறுது."

கீழே வைத்தேன்.

ஸ்ஸ்ஸ்... ஹா.

ஒரே ஒரு தடவை. மெஷினிலிருந்து இல்லை. என் காதுக்குப் பின்னாலிருந்து. திரும்பினேன். சுருட்டிய மெத்தை. சாத்திய ஜன்னல். வெளியே எதிர் வீட்டுப் பாட்டு.

நாலு முப்பத்தொன்பது.

"தம்பி... மாஸ்க் கழண்டுடுச்சுன்னு காட்டுது. மூச்சு பூஜ்யம்."

அப்பாடா என்று இருந்தது. பேட்டரி செத்திருக்கும்.

"இரு... மறுபடி மாட்டியாச்சு."

"யாரு மாட்டினா?"

"நாற்பது. இது முந்தின மூச்சு மாதிரி இல்லையே... பயந்தவங்க விடுற மாதிரி இருக்கு."

அப்போதுதான் கவனித்தேன். எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஏன் செய்தேன் என்று தெரியாது. மூச்சைப் பிடித்து நிறுத்தினேன்.

"நின்னுடுச்சு," என்றார் அக்கா.

ஒன்று... இரண்டு... மூன்று...

"இன்னும் நின்னுதான் இருக்கு. எட்டு செகண்டு. பத்து. பதினொண்ணு..."

விட்டேன்.

"வந்துடுச்சு!"

என் கையிலிருந்து மாஸ்க் நழுவித் தரையில் விழுந்தது.

ஆனால் என் முகத்தில் எதுவோ அமர்ந்தது. மூக்குத்தண்டில் ரப்பர் விளிம்பு. கன்னத்தில். தாடையில். கையால் தடவினேன். வெறும் தோல்தான் இருந்தது.

காற்று உள்ளே போனது. நான் இழுக்கவில்லை. அதுவே போனது.

வெளியே விட முடியவில்லை.

"அழுத்தம் ஏறுது தம்பி... நான் குறைக்கிறேன்... குறைய மாட்டேங்குது... தம்பி? தம்பி!"

நெஞ்சு வெடிக்கப் போகிறது.

கதவு எங்கே...

ஸ்ஸ்ஸ்...

படி.

ஓடு.

கேட்டருகே வந்து விழுந்தபோதுதான் மூச்சு வெளியே வந்தது. மணி நாலு நாற்பத்து நாலு. மருமகள் என்னைத் தூக்கிவிடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சியில என்ன?"

போன் கேமராவில் பார்த்தேன். மூக்குத்தண்டில் தொடங்கி, கன்னங்கள் வழியாகத் தாடை வரை சிவப்புக் கோடு. மணிக்கணக்கில் மாஸ்க் மாட்டியவர்களுக்கு விழுமே, அதே தடம்.

எதிர் வீட்டுக்காரர் பைப்பை மூடினார். பாட்டும் நின்றது. அந்த அமைதியில் அந்தம்மா கேட்டார்:

"மாமா போன அன்னைக்கு நான் வேலைக்குப் போயிருந்தேன். ஏதாவது ஒண்ணுன்னா உடனே போன் வரும்னு சொல்லித்தானே இதை மாட்டுனீங்க? ஏன் வரலை?"

மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்றுவரை எடுக்கப் போகவில்லை.

அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. மறுநாள் காலையில் அக்காவும் நானும் அந்தத் திங்கட்கிழமைப் பதிவை எடுத்துப் பார்த்தோம்.

மதியம் இரண்டு முப்பத்தாறு: இருபத்தாறு மூச்சு. இரண்டு முப்பத்தெட்டு: முப்பத்திரண்டு. முப்பத்தொன்பதுக்கு மாஸ்க் கழன்றிருக்கிறது. நாற்பதுக்கு மீண்டும் மாட்டப்பட்டிருக்கிறது. நாற்பது மூச்சு. பிறகு பதினோரு செகண்டு எதுவுமில்லை. மறுபடி மூச்சு. இரண்டு நாற்பத்து நாலோடு கோடு நேராகிவிட்டது.

நான் அந்த அறையில் இருந்த எட்டு நிமிடம். வரிசை மாறாமல், அப்படியே.

அக்கா பக்கத்துக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார். இரண்டு முப்பத்தெட்டுக்கு எங்கள் ஆபீஸில் அலாரம் அடித்திருக்கிறது. நாலே செகண்டில் யாரோ அதை நிறுத்தியிருக்கிறார்கள். காரணம் என்ற இடத்தில், 'மாஸ்க் கசிவு'. கோபம் வந்தால் மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிற மனிதர் அவர். அப்போதெல்லாம் நாங்கள் அப்படித்தான் போட்டு மூடுவோம்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"திங்கட்கிழமை ரெண்டரைக்கு நான் சாப்பிடப் போயிட்டேன் தம்பி. அரை மணி நேரம் சீட்ல நீதான் இருந்தே."

எனக்கு அது ஞாபகமே இல்லை.