சர்வே கல்லுக்குச் சூடம் காட்டிய கதை

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானுக்கு வெளியே ஒரு காலி மனையில், சர்வே கல் ஒன்றுக்குச் சூடம் காட்டிக் கும்பிட்டேன்.

கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன்!

சிரிக்காதீர்கள். நான் மட்டும் கும்பிடவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் கும்பிட்டோம். அதிலே இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன். ரயில்வே கூட்ஸ் ஆபீசில் இருபது வருஷமாகக் கணக்கெழுதும் கிராணி. வாரா வாரம் இந்தப் பத்தியில் உட்கார்ந்து உங்களுக்கெல்லாம் புத்தி வேறு சொல்கிறேன்... வெட்கக்கேடு!

விஷயத்துக்கு வருகிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அடுத்த வீடு மாரியப்பன். ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். ரிட்டயர் ஆகிறார். ரிட்டயர் ஆன மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும், அது ரூல். ஊரில் இருந்த நிலத்தை எப்போதோ பங்காளிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். அவருக்கும் மனைவி காமாட்சிக்கும் இனி இந்த நாடுதான். தலைக்கு மேலே ஒரு கூரை வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும்.

நம் ஆட்கள் நிலம் வாங்க வேண்டுமென்றால் முதலில் என்ன செய்வார்கள்? லேண்டு ஆபீசுக்கா போவார்கள்? சேச்சே! நல்ல கைராசிக்காரராகப் பார்ப்பார்கள்.

எங்கள் பேட்டையில் கைராசி என்றால் வைத்திதான். வைத்தியலிங்கம் என்று முழுப்பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. தொழில் தையல். பக்கத் தொழில், நில புரோக்கர். அவர் முடித்துக் கொடுத்த மனையில் குடியேறிய ஒருவருக்கு கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்தது. இன்னொருவருக்கு வயிற்று வலி நின்றது. இதற்கு மேல் என்ன சர்டிபிகேட் வேண்டும்? சட்டைக்குக் கால் அங்குலம் பிசகாமல் அளக்கிற மனிதர், நிலத்தை மட்டும் கையை நீட்டியே அளப்பார்.

"அதோ அந்த ரம்புத்தான் மரம் தெரியுதாண்ணே? அங்கேருந்து இந்த அல்லூர் வரைக்கும் உங்களோடதுதான்."

அல்லூர் என்றால் இங்கே சாக்கடை, வாய்க்கால் எல்லாம்தான். இந்த மனையில் அது கொஞ்சம் பெரிய வாய்க்கால். கிள்ளான் ஆற்றில் போய் விழுவது.

மாரியப்பனுக்கு வைத்தியைச் சிபாரிசு செய்தவன் யார் என்று கேட்கிறீர்களா? அடியேன்தான். சிபாரிசு செய்ததோடு நிற்காமல், "அவர் தொட்டது துலங்கும்" என்று இதே பத்தியில் எழுதியும் வைத்தேன். அதைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அடுப்பில் போட்டுவிடுங்கள்.

மனை நல்ல மனை. வரிசையாக மூன்று வீடுகள், நாலாவதாக இது. வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். மாரியப்பன் பெயருக்குக் கிராண்டும், அதாவது நிலப் பட்டாவும், எழுதி வந்தது. சர்க்கார் முத்திரையோடு, நிலத்தின் படத்தோடு, மொடமொடப்பான காகிதம். என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தேன். படத்தைப் பார்த்தேனா? இல்லை.

வீட்டுக்குக் கால் நடுவதற்கு நாள் குறித்தார்கள். ரயில் ஏறிப் போனோம். பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் மனை முடித்துக் கொடுத்தவர் வைத்தியே. முதல் வீடு காதர் பாய், ஜவுளி வியாபாரி. மூன்றாவது வீடு ஆறுமுகம், துறைமுகத்தில் வேலை. நடு வீட்டில் இருப்பவர், யார் எது சொன்னாலும் தலையாட்டுகிற பரம சாது.

ஈசானிய மூலையில் குழி தோண்டினார்கள். இரண்டடி போயிருக்கும், மண்வெட்டி ணங்கென்றது. மண்ணை ஒதுக்கினால் – கருங்கல். சதுரமாக, நட்டமாக, உச்சி மழமழவென்று.

"சாமி!" என்று கத்தினார் வைத்தி. "பூமியிலேயே சாமி கிடைச்சிருக்குண்ணே! நான் என்னத்தச் சொல்ல!"

அவ்வளவுதான். யாரோ குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவினார்கள். யாரோ மஞ்சளைப் பூசினார்கள். வைத்தி தன் கையாலேயே பெரிதாகக் குங்குமம் வைத்தார். சூடம் எரிந்தது. நானும்... சொன்னேனே, கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கும்பிடாமல் நின்றது காமாட்சி ஒருத்திதான். குனிந்து அந்தக் குங்குமத்தைப் பெருவிரலால் வழித்தாள்.

"அண்ணே, சாமியக் கும்பிட மாட்டேன்னு சொல்லல. ஆனா மண்டையில நம்பர் போட்ட சாமிய நான் பாத்ததில்ல. இது சர்வே கல்லுல்லா!"

அவள் அப்பா, தோட்டத்துக்கு நிலம் அளக்க வந்த துரைக்குச் சங்கிலி இழுத்தவராம். சின்ன வயதில் சோறு கொண்டுபோன இடத்திலெல்லாம் இந்தக் கல்லைப் பார்த்திருக்கிறாள். எழுத்துத் தெரியாது. கல் தெரியும்.

"கிராண்டுல படம் இருக்குமே, அதுல இந்த நம்பர் எங்க வருதுன்னு பாருங்கண்ணே."

கிராண்டு எங்கே? பூசைத் தட்டில், தேங்காய்க்குக் கீழே இருந்தது. குங்குமமெல்லாம் வைத்திருந்தோம். படிக்க மட்டும்தான் இல்லை.

படித்தேன். அந்த நம்பரைப் படத்தில் விரல் வைத்துப் பிடித்தேன்.

மாரியப்பன் நிலத்தின் ஒரு மூலைக்கல் அது, உண்மைதான். ஆனால் நிலம் இருந்தது கல்லுக்கு அந்தப் பக்கம்! இந்தப் பக்கம், நாங்கள் குழி தோண்டி, தேங்காய் உடைத்து, பாயாசத்துக்கு அடுப்பு மூட்டியிருந்த பக்கம், வாய்க்காலுக்காகச் சர்க்கார் ஒதுக்கி வைத்த இடம். விற்கவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது.

"அந்தப் பக்கம் ஆறுமுகம் வீடுல்ல இருக்கு?" என்றார் மாரியப்பன்.

மூன்று வீட்டுக்காரர்களும் ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து அவரவர் கிராண்டை எடுத்து வந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் பார்க்கப் பார்க்க அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. வரிசை முழுக்க ஒரு மனை தள்ளி உட்கார்ந்திருக்கிறது! காதர் பாய் வீடு இருப்பது நடு வீட்டுக்காரர் நிலத்தில். நடு வீடு இருப்பது ஆறுமுகம் நிலத்தில். ஆறுமுகம் வீடு இருப்பது மாரியப்பன் நிலத்தில்.

"பாத்தீங்களாண்ணே," என்றாள் காமாட்சி ஆறுமுகத்திடம். "உங்க அடுப்பங்கரை எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு."

சிரிக்கத்தான் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. மாரியப்பன் தோண்டிப் போட்ட மண்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

எப்படி நடந்தது இது? பதினோரு வருஷத்துக்கு முன்னால் வைத்தி முதன்முதலாக அந்தப் பக்கம் போனபோது, ரோட்டை ஒட்டிய முதல் மனையில் லாலான் புல் ஆள் உயரம் நின்றதாம். புறம்போக்கு என்று நினைத்துக்கொண்டு அடுத்த மனையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டார். யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால் போலீசுக்காவது போயிருக்கலாம்!

திரும்பி வருகிற ரயிலில் நான் அவரைச் சும்மா விடவில்லை.

"ஏன்யா, மாட்டு வண்டிக்கு லைசென்ஸ் இருக்கு. ரிக்‌ஷா இழுக்கிறவனுக்கு இருக்கு. நாய்க்குக்கூடக் கழுத்துல வில்லை கட்டி விட்டிருக்கான். ஒரு குடும்பத்தோட ஆயுசுச் சம்பாத்தியத்த வாங்கி முடிக்கிற உமக்கு ஒண்ணும் வேணாமா?"

வைத்தி ஜன்னல் பக்கமிருந்து என்னிடம் திரும்பினார்.

"லைசென்ஸ் வந்தா யாருக்குண்ணே குடுப்பான்? இங்கிலீஷ்ல பரீட்சை வைப்பான். கோட்டுப் போட்டவன் பாஸ் பண்ணுவான். என்னைய மாதிரி ஆளு கத்திரிய மட்டும் பிடிச்சிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதற்காக இப்படியே விட்டுவிடுவதா? கண்டிப்பு வேண்டும், எதில் கண்டிப்பு என்பதுதான் கேள்வி. இங்கிலீஷில் இல்லை, கோட்டில் இல்லை. கிராண்டைக் கையில் கொடுத்து, நாலு மூலைக் கல்லையும் காட்டு என்று சொல்ல வேண்டும். எந்த நிலத்தை யார் வாங்கலாம், எது யாருக்கு ஒதுக்கியது என்று கேட்க வேண்டும். தமிழில் கேட்கட்டும், மலாயில் கேட்கட்டும். தெரிந்தால் லைசென்ஸ். தெரியாவிட்டால் போய்ப் படித்துவிட்டு வா. காமாட்சியைக் கேட்டிருந்தால் பாதிக் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பாள்.

ஆனால் சட்டம் வருகிறபோது வரட்டும். மாரியப்பனுக்கு ஐந்து வாரத்தில் வீடு வேண்டுமே!

வழி ஒன்று இருந்தது, காமாட்சி சொன்னதுதான். "எல்லாரும் ஒரே நாள்ல போயி, அவங்கவங்க குந்தியிருக்கிற எடத்த அவங்கவங்க பேருக்கு மாத்திக்கிட்டா என்னண்ணே? ரோட்டோரத்து மனை சும்மாதானே கெடக்கு, அத எங்களுக்குக் குடுக்கட்டும்."

ஆறுமுகம் உடனே சரி என்றார், அடுப்பங்கரை பயம். நடு வீட்டுக்காரர் வழக்கம்போலத் தலையாட்டினார். மாட்டிக்கொண்டது காதர் பாயிடம். அந்த ரோட்டோர மனை கிராண்டுப்படி அவருடையது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சேறு. இப்போது? வாசலிலேயே பஸ் நிற்கிறது. ஜவுளிக்கடை வைக்க அதைவிட நல்ல இடம் கிள்ளானிலேயே கிடையாது. இவர் குடியிருக்கிற மண்ணோ அந்தச் சாதுவுடையது; அவர் கோர்ட்டு வாசலைக் கனவிலும் மிதிக்க மாட்டார். வியாபாரிக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். இரண்டு வாரம் யோசித்தார்.

மாரியப்பன் சாமான்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார். எங்கே போவதென்று தெரியாமல் கட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஞாயிறு வைத்தி என்னை வந்து கூப்பிட்டார். இரண்டு பேரும் காதர் பாய் வீட்டுக்குப் போனோம். கடை ஆட்கள், அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் தனியாகப் பேசலாம் என்றேன். வைத்தி கேட்கவில்லை.

"பாய், எனக்குக் கைராசியும் கிடையாது, கால்ராசியும் கிடையாது. எனக்குப் படம் பாக்கத் தெரியாது. தப்பா எண்ணிட்டேன். அதனால ஒரு குடும்பம் தெருவுல நிக்கப் போவுது. இத எல்லாரும் கேட்டுக்குங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்லயும் நானே சொல்லிடறேன்."

கைராசி என்ற பெயரை வைத்துப் பிழைத்த மனிதர், அதைத் தானே பத்துப் பேர் நடுவில் கழற்றி வைத்தார். நான் இவரை ரயிலில் திட்டியதை நினைத்துக் கூசிப்போனேன். படத்தைப் பார்க்கத் தெரிந்தும் பார்க்காதவன் நான். நான் யாரிடம் போய் இப்படிச் சொன்னேன்?

காதர் பாய் எழுந்து வாசலுக்கு வந்து, கீழே மண்ணைக் காட்டினார்.

"நான் வந்து நின்னு பாத்து, புடிச்சிருக்குன்னு சொன்னது இந்த மண்ணதான்," என்றார். "பாக்காத மண்ணு மேல எனக்கு ஏது பாத்தியதை? அந்த மண்ணுல கடை வச்சா யாவாரத்துல பரக்கத்து இருக்காது. எப்ப வரணும், சொல்லுங்க."

நாலு குடும்பமும் ஒரே நாளில் லேண்டு ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். காமாட்சி பெருவிரலை மையில் அழுத்தி, சாட்சிக்கு ரேகை வைத்தாள். மாரியப்பன் மனையில் லாலானை வெட்டி, அத்தாப்பு ஓலைக் கூரையில் இரண்டு அறை எழும்பி, குவார்ட்டர்ஸ் சாவி கொடுக்க ஒரு நாள் இருக்கும்போது பால் பொங்கியது. பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

இப்போது வைத்தி தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வருகிறார். கிராண்டில் உள்ள படத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார். இங்கிலீஷ் எண்கள் முடிந்தன, திசைகள் நடக்கின்றன. போன வாரம் கடைக்கு லீவு போட்டுவிட்டு, தான் இதுவரை முடித்துக் கொடுத்த மனைகளில் எல்லாம் கல் தேடப் புறப்பட்டார். ஜெஞ்சாரோம் வரைக்கும் போய்விட்டு வந்தார். இரண்டு இடம் சரியாக இருக்கிறதாம். முகத்தில் என்ன சந்தோஷம் என்கிறீர்கள்!

நேற்று அவர் தையல் கடையில் உட்கார்ந்திருந்தேன். பந்திங்கிலிருந்து ஒருவர் வந்தார். மனை பார்த்திருக்கிறாராம், நாளைக்கு முகூர்த்தமாம், வைத்தி வந்து கையால் தொட்டுக் கொடுத்தால் போதுமாம்.

"கிராண்டு கொண்டாந்திருக்கீங்களா? கல்லப் பாத்தீங்களா?" என்றார் வைத்தி.

"அதெல்லாம் எதுக்குண்ணே? உங்க ராசிக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்."

"கல்லப் பாக்காம வர மாட்டேண்ணே."

வந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரில் புரோக்கருக்கா பஞ்சம் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். வாஸ்தவம், பஞ்சமில்லைதான். கல்லைப் பார்க்காத புரோக்கர் நாலு கடை தள்ளியே இருக்கிறார். அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன்: ஒழுங்காக நடக்கிறவன் மட்டும் பட்டினி கிடக்கக் கூடாது, பாருங்கள். வரும், எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

வைத்தி அந்த மனிதரைத் திரும்பக் கூப்பிடவில்லை; ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

சர்க்கார் எப்போது கொடுக்குமோ தெரியாது... நான் அவருக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டேன்!