நாலாம் நம்பரில் நான் உட்கார வைத்தவர்

சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தபோது நான் எட்டாம் நம்பர் கம்ப்யூட்டரில் ஓர் அம்மாவுக்கு அவருடைய சிங்கப்பூர் மகனின் போட்டோவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். படம் மேலிருந்து கீழே வரிவரியாக இறங்கும் காலம் அது. நெற்றியும் புருவமும் வந்திருந்தன. "யாரும் எந்திரிக்க வேணாம். கீபோர்டுல இருந்து கைய எடுங்க" என்றார். அந்த அம்மா கீபோர்டைத் தொடவே இல்லை. ஆனாலும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

முற்பகல் பதினொரு மணி இருக்கும். கூட வந்த போலீஸ்காரர்களில் ஒருவர் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். இன்னொருவர் கம்ப்யூட்டர் தெரிந்தவர். இருந்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பிவிட்டு, ஒவ்வொரு மிஷினாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

கடை என் அக்கா வீட்டுக்காரருடையது. கடைவீதியில் அவருக்கு எலக்ட்ரிக்கல் கடை உண்டு. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த இந்த பிரவுசிங் சென்டரின் ஒப்பந்தம், போன் கனெக்‌ஷன் எல்லாமே அவர் பேரில்தான். நடத்தியது நான். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த சூட்டில், இந்த ஊருக்கே மெயில் ஐடி திறந்து கொடுத்துவிட வேண்டும் என்று திரிந்தேன். ரிசல்ட் வரும் நாளில் சேவுகம்பட்டியிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் ஏறி வருவார்கள். எட்டு மிஷினுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருப்பேன். அத்தான், "நீ நடந்து நான் பாத்ததே இல்ல" என்பார்.

எஸ்.ஐ. விஷயத்தைச் சொன்னார். போன வியாழக்கிழமை ஒரு கல்லூரிக்கு மெயில் போயிருக்கிறது, பரீட்சை ஹாலில் குண்டு வைத்திருப்பதாக. பிள்ளைகளை வெளியே ஓட விட்டதில் ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்துவிட்டது. மெயில் கிளம்பிய இடம் எங்கள் கடை.

"கடைக்கு வர்றவன் என்ன பண்றான்னு கடைக்காரனுக்குத் தெரியணும். தெரியலன்னா கடைக்காரன் பண்ணதாத்தான் நாங்க எழுதுவோம்" என்று சொல்லிவிட்டு, "நோட்ட எடு" என்றார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் பெயர், விலாசம், மிஷின் நம்பர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது ஸ்டேஷன் உத்தரவு. அரைமணி நேரத்துக்கு வருகிறவர்கள் இதற்கெல்லாம் நிற்க மாட்டார்கள். பேனாவை நீட்டினாலே முகம் சுளிப்பார்கள். எனக்கும் பொறுமை கிடையாது. நேரத்தையும் மிஷின் நம்பரையும் மட்டும் குறித்துக்கொண்டு மற்ற கட்டங்களைச் சாயங்காலம் நானே நிரப்புவேன். முதலில் வாய்க்கு வந்த பெயர்களை எழுதினேன். மாதம் ஒருமுறை நோட்டைப் பார்க்க வரும் ஏட்டு ஒருநாள் சிரித்துவிட்டார். நான் எழுதியிருந்த தெரு ஊரிலேயே இல்லையாம். "விலாசம் நெசமா இருக்கணும் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிஜமான விலாசங்கள் என்னிடம் இருந்தன. எங்கள் சர்ச் பங்கில் தெருவாரியாகக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று குழு வைத்திருப்பார்கள், வாரம் ஒரு வீட்டில் ஜெபம் நடக்கும். அந்தக் குடும்பப் பட்டியலை டைப் அடிக்கும் வேலை எங்கள் கடைக்குத்தான் வந்தது. பெயர், வயது, கதவு எண் எல்லாம் அச்சாகி என் மேஜை டிராயரில் கிடந்தது. அதிலிருந்து எடுத்து எழுத ஆரம்பித்தேன். ஒரு வரிக்கு நீலப் பேனா, அடுத்ததற்குக் கறுப்பு, சிலதை இடது கையால். இதில் எனக்குப் பெருமை வேறு.

எஸ்.ஐ. பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இந்த டவுன்ல இம்புட்டு ஒழுங்கா நோட்டு போட்ட கடைய நான் பாத்ததில்ல" என்றார்.

கம்ப்யூட்டர் தெரிந்த போலீஸ்காரர் நாலாம் நம்பரிலிருந்து தலையைத் தூக்கி, "சார், இதுல கெடக்கு" என்றார். வியாழக்கிழமை, பதினொன்று பத்து. எஸ்.ஐ. விரலை வரிசையாக இறக்கி, ஒரு பெயரைச் சத்தமாக வாசித்தார். மேட்டுப்பட்டி விலாசம்.

அவர் வெல்டர். மவுசைத் தொட்டிருக்க மாட்டார். ஏஜெண்ட் ஒருவர் மஸ்கட்டில் வேலை சொல்லியிருந்ததால் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டு, போலீஸ் விசாரணைக்காகக் காத்திருந்தார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், முந்தின ஞாயிறு அன்பிய ஜெபத்தில் அவர் மனைவி, பாஸ்போர்ட் சிக்கலில்லாமல் வரவேண்டும் என்று மன்றாட்டு வைத்தார். எல்லோரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொல்லியிருந்தேன்.

ஒரு போலீஸ்காரரோடு ஜீப் மேட்டுப்பட்டிக்குக் கிளம்பியது. போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. இருபது நிமிஷம். அதற்குள் யாரோ சொல்லி அத்தான் வந்து சேர்ந்தார். ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்தவரிடம் தண்ணீர் பானைப் பக்கமாக நின்று, நோட்டை நான்தான் எழுதினேன் என்று கிசுகிசுத்தேன். அவருக்கு முகமே மாறிவிட்டது.

"எத்தன பேரு?"

"நெறைய."

"வாயத் தொறக்காத. அவரு வருவாரு, நான் வரலைம்பாரு, விட்டுருவாங்க. நீ சொன்னா என்னையத்தான் உள்ள வைப்பாங்க. ஒங்கக்கா மாசமா இருக்கா."

சரி என்று தலையாட்டினேன். நிஜமாகவே சும்மா இருந்துவிடத்தான் நினைத்தேன்.

ஜீப் வந்தது. போலீஸ்காரருக்குப் பின்னால் வெல்டர் இறங்கினார். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, ஈரத் தலையைப் படிய வாரியிருந்தார். கையில் மஞ்சள் பை. எஸ்.ஐ.க்கு வணக்கம் வைத்துவிட்டு, பையிலிருந்து ரேஷன் கார்டையும் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டையும் எடுத்து மேஜைமேல் அடுக்கினார். "பாஸ்போர்ட் விசாரண ஸ்டேஷன்ல தான் நடக்கும்னு சொன்னாகய்யா. இங்கயே பாத்துருவீகளா?" என்றார். போலீஸ் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும், பட்டறையில் போட்டது போட்டபடி ஓடிப்போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். என்னைப் பார்த்து, தெரிந்த பிள்ளை என்று சிரிக்கவும் செய்தார்.

எஸ்.ஐ. ரேஷன் கார்டைத் தொடவில்லை. "வியாழக்கெழம நாலாம் நம்பர்ல ஒக்காந்து என்ன எழுதுன?" என்றார்.

அவருக்குப் புரியவில்லை. எழுதச் சொன்ன எல்லா ஃபாரமும் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். எஸ்.ஐ. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். அவர் கை உயர்ந்ததா, தொப்பியை எடுக்கப் போனதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"சார், அவரு வரவே இல்ல. அந்தப் பேர நாந்தான் எழுதுனேன்" என்றேன்.

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

டிராயரைத் திறந்து அன்பியப் பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். எஸ்.ஐ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கதவு எண் வரைக்கும் ஒன்றாக இருந்தது. அவர் கத்தியிருந்தால் தேவலாம். சிவப்புப் பேனா ஒன்றை என் முன்னால் போட்டு, "எதெது நீ எழுதுனதோ, அம்புட்டுக்கும் கோடு போடு. ஒண்ணு விட்டாலும் நான் அந்த வீட்டு வாசல்ல நிப்பேன்" என்றார்.

கோடு போட ஆரம்பித்தேன். முதல் பத்துப் பக்கம் வேகமாகப் போனது. பிறகு கை நின்றது. ஒரு வரி நிஜமாக வந்தவர் எழுதியதா, நான் இடது கையால் எழுதியதா என்று எனக்கே பிடிபடவில்லை. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன். வெல்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தம்பி பெயர் வந்தது. எதிர்வீட்டு டீச்சர் பெயர் வந்தது. கடைசிப் பக்கம் முடிந்தபோதுதான் எஸ்.ஐ.யிடம், "ஐயா, இது எம்பேர்ல எழுத்துல ஏறிருமா?" என்று கேட்டார்.

"அது இந்தப் பொண்ணு எழுதிக் குடுக்கறதுல இருக்கு."

ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரைப் போகச் சொன்னார்கள். ரேஷன் கார்டையும் சர்ட்டிபிகேட்டையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நாலாம் நம்பர் சிபியூ, நோட்டு, அத்தான் மூவரும் ஜீப்பில் ஏறினார்கள். சிங்கப்பூர் அம்மா போகிற போக்கில் எட்டாம் நம்பர் திரையை எட்டிப்பார்த்தார். மகன் முகம் முழுதாக வந்திருந்தது.

அத்தானை அன்று சாயங்காலமே எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். கடை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. அக்கா என்னோடு பேச ஆரம்பிக்க அதைவிட அதிக நாளானது. மெயில் அனுப்பியவன் அதே கல்லூரி மாணவன் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். அவன் முகம் எனக்கு நினைவில் இல்லை. அன்று அவனிடம் பேனாவை நீட்டினேனா என்பதும் நினைவில் இல்லை. பட்டியலில் நான் பெயர் எடுத்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். டீச்சர் வீட்டில் உள்ளே கூப்பிடவில்லை.

கடையைத் திறந்த அடுத்த வாரம் வெல்டர் வந்தார். பாஸ்போர்ட் வந்துவிட்டது, மஸ்கட்டுக்குப் போகிறார், ஏஜெண்ட் மெயில் ஐடி கேட்கிறார். புது நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன்.

"நீயே எழுதிக்கயேம்மா. ஒனக்குத்தான் எம்பேரு, கதவு நம்பரு எல்லாம் மனப்பாடமாச்சே."

பக்கத்து மிஷினில் இருந்த பையன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. நான் பேனாவை நீட்டியபடியே நின்றேன். செத்த நேரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். வெல்டிங் தழும்பு ஏறிய விரல்களால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எட்டாம் நம்பரிலிருந்து யாரோ இரண்டு தடவை கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை.

"கையெழுத்தும் போடணுமா?" என்றார்.

"போடுங்கண்ணே" என்றேன்.