ஜட்ஜம்மா கப் கழுவிய கதை

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரிப் பகுதி மேற்பார்வைதான் வேலை. ஆனால் எல்லோரும் அவளை ஜட்ஜம்மா என்றே கூப்பிட்டார்கள். குழாயைத் திறந்து போட்டது யார், டாக்டர் கோட்டில் பித்தான் போனது யாரால் என்று எது வந்தாலும் விசாரணை அரை நிமிஷம், தீர்ப்பு உடனே. மேல்முறையீடு கிடையாது. முகத்தைப் பார்த்தே குற்றத்தைச் சொல்லிவிடுவாள். பாதி நேரம் சரியாகவும் இருக்கும், அதுதான் கொடுமை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அங்கே கதை நேரம். நோயாளிகளுக்காக ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன லைப்ரரி இருந்தது. அதில் ஒரு அலமாரி முழுக்கப் பழைய அமெரிக்க நாவல்களின் மொழிபெயர்ப்பு. எல்லாம் ஒரே அச்சகம், ஒரே பழுப்பு அட்டை. கிழிந்த ஷீட்டுகளைத் தைக்கிற தையல்காரிக்கு நல்ல கணீர்க் குரல். அவள் படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். வெளிநாட்டுப் பெயர்களைச் சொல்லப் போய் முதல் நாவலிலேயே எல்லோரும் சிரித்துப் புரையேறியதால், பெயரே வேண்டாம் என்று ஜட்ஜம்மா உத்தரவு போட்டுவிட்டாள். அன்றிலிருந்து எந்த நாவலானாலும் கதாநாயகி, கதாநாயகன், பெரியம்மா, வில்லன், அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கடைசி அத்தியாயம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, யாருக்கு என்ன கதி என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர் அந்த வாரம் முழுக்க எல்லோருடைய டீ கப்பையும் கழுவ வேண்டும். ஜட்ஜம்மா அதுவரை ஒரு கப்பைக்கூடக் கழுவியதில்லை.

“இதுல என்ன பெரிய ரகசியம்?” என்பாள் அவள். “பேராசைக்காரனா, காசு போகும். பொய் சொன்னவனா, மாட்டிக்குவான். தப்பு பண்ணது ஆம்பளைன்னா ஊரை விட்டுப் போவான், பொம்பளைன்னா உலகத்தை விட்டே போவா. வேணும்னா எழுதி வச்சுக்கோ.”

எழுதி வைக்கத் தேவையே இருக்கவில்லை. ஒவ்வொரு நாவலிலும் அது அப்படியே நடந்தது. வீட்டை விட்டுப் போனவளுக்குக் கடைசியில் ஒரு இருமலாவது வந்துவிடும். பாய்லர்காரர்தான் பாவம், எப்போதும் எல்லோரையும் பிழைக்கவைத்துத் தீர்ப்புச் சொல்லி, வாராவாரம் கப்போடு குழாயடியில் நிற்பார்.

ஜட்ஜம்மாவின் தீர்ப்புகள் யாரை மனதில் வைத்து வருகின்றன என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வாய் திறந்து சொல்லத்தான் ஆளில்லை. அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். இருவரும் அதே கூடத்தில்தான் வேலை பார்த்தார்கள். பெரிய ஷீட்டை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து, உதறி, விறைப்பாக இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அக்காவும் தங்கையும் மடித்தால் அதில் ஒரு சுருக்கம் இருக்காது, ஒரு வார்த்தை பேச்சும் தேவைப்படாது.

அந்தத் தங்கை ஒருநாள் புருஷனை விட்டுவிட்டு, ஸ்கூல் வேன் ஓட்டுகிற ஒருவரோடு போய்விட்டாள். புருஷன் கெட்டவரா என்றால் அதுவும் இல்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை. பேசியதும் இல்லை. “சுவத்தோட எத்தனை வருஷம்க்கா குடும்பம் நடத்துறது?” என்று தங்கை கேட்டாள். “நல்ல மனுஷனை விட்டுட்டுப் போறவ நல்லாவே இருக்க மாட்டா. என் வீட்டு வாசப்படி மிதிக்காதே” என்று தீர்ப்பாயிற்று. தங்கை வேலையையும் விட்டுவிட்டாள்.

வருஷங்கள் ஓடின. தங்கைக்கு ஒரு இருமல்கூட வரவில்லை. அடிக்கடி பஸ் ஸ்டாப்பில் கண்ணில் படுவாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். வேன்காரர் எதையாவது சொல்ல, ஸ்டாப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிப்பாள். ஜட்ஜம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்றைக்கு அவள் யாரோடு ஷீட் மடித்தாலும், “கோணலா பிடிக்கிறே” என்று அவருக்குத் திட்டு விழும். அவளுக்குத் தங்கை இல்லாமல் முடியவில்லை, அதுதான் உண்மை. ஆனால் தன் தீர்ப்பைத் தானே மாற்றினால் அப்புறம் என்ன ஜட்ஜ்?

அப்படியிருக்கும்போதுதான் அந்த நாவல் வந்தது. ஊர்ப் பெரிய மனிதரின் மனைவி, கடிகாரம் ரிப்பேர் பார்க்க வந்தவனோடு போய்விடுகிறாள். ஊர் தூற்றுகிறது, கூடப்பிறந்த அக்கா கதவைச் சாத்துகிறாள், கடிகாரக்காரனும் கைவிட்டுவிடுகிறான். பனிக்காலத்தில், உறைந்துபோன ஏரிக்கரையில் தன்னந்தனியாக வந்து நிற்கிறாள். தையல்காரி புத்தகத்தை மூடினாள். யாரும் ஜட்ஜம்மாவின் பக்கம் பார்க்கவில்லை.

“புருஷனே வந்து கூட்டிட்டுப் போவான்” என்றாள் தையல்காரி.

“கப்பல் ஏறி வேற தேசம் போய்ப் பொழைச்சுக்கும்” என்றார் பாய்லர்காரர், கப் கழுவத் தயாராக.

“ஏரிதான்” என்றாள் ஜட்ஜம்மா. ஆனால் எப்போதும் போல அதை உரக்கச் சொல்லவில்லை. அன்று மத்தியானம் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. அந்தப் பெண் அந்தக் குளிரில் நின்றுகொண்டே இருப்பதாகத் தோன்றியது. தான் ஜெயிக்கக்கூடாது என்று வாழ்நாளில் முதல்முறையாக ஆசைப்பட்டாள்.

மறுநாள் தையல்காரி கடைசிப் பக்கங்களைப் படித்தாள். ஏரியே வரவில்லை. மேட்டு வழியில் கையில் ஒரு பையோடு கதாநாயகி நடந்து வருகிறாள். பெரிய தோட்டத்து வீடு. வாசலில் ஒரு பெரியம்மா ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்து, “கதவு திறந்துதான் இருக்கிறது. நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார். மாட்டைப் பற்றிக் காலையில் பேசிக்கொள்ளலாம்” என்கிறாள். இருவரும் விளக்கடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வெளியே பனி உருகிச் சொட்டுகிறது. முற்றும்.

தையல்காரி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“எந்த மாடு?” என்றார் பாய்லர்காரர்.

“அட, உங்களுக்கு ஒண்ணும் புரியாது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் தையல்காரி. “அது அவ அக்கா. பழசை எல்லாம் கிளறாம, ஏதோ மாட்டைப் பத்திப் பேசுறா பாருங்க. அதான் பெரிய மனசு.”

எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஜட்ஜம்மா எழுந்தாள். கப்புகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். பாய்லர்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நிறைய நேரம் கழுவினாள். கப் எல்லாம் பளபளவென்று வந்தன, அவள் கண்கள்தான் சிவந்திருந்தன.

அன்று சாயங்காலம் வேலை விட்டதும் நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். சின்ன வீடு. வாசலில் வேன் நின்றது. பக்கத்துக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த தங்கை, அக்காவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சு ஜட்ஜம்மாவுக்கு அடியோடு மறந்துபோயிற்று. தங்கை கையில் ஒரு போர்வை தொங்கியது. ஜட்ஜம்மா போய் அதன் இரண்டு முனைகளைப் பிடித்தாள். உதறினார்கள், விறைப்பாக இழுத்தார்கள், நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். சேர்த்த இடத்தில் முகத்துக்கு முகம் நின்றார்கள்.

“உள்ளே வாக்கா” என்றாள் தங்கை.

“ம்… மாட்டைப் பத்திக் காலையில பேசிக்கலாம்” என்றாள் ஜட்ஜம்மா. வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

“எந்த மாடுக்கா?” என்று தங்கை பயந்துபோய்க் கேட்க, இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த வேன்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த ஒரு செய்கையிலேயே ஜட்ஜம்மா அவரை விடுதலை செய்துவிட்டாள்.

தங்கை பழையபடி சலவைக்கூடத்து வேலைக்கே வந்துவிட்டாள். ஒருநாள் கதை நேரத்தில் லைப்ரரிக்காரர் இரண்டு பழுப்புப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஏதோ ஒரு தோட்டத்து நாவலை ஆசையாகப் படித்த நோயாளி ஒருவர், “மாடு வாங்க வந்த பொம்பளை எதுக்குய்யா ஏரியில விழுந்து சாகணும்?” என்று அவரிடம் சண்டைக்கே போய்விட்டாராம். பார்த்தால், பைண்டிங் செய்தவர் இரண்டு புத்தகங்களின் கடைசிப் பக்கங்களையும் மாற்றி வைத்துத் தைத்திருக்கிறார்.

“படிக்கிறப்போ பேர் மாறுனது தெரியலையாம்மா?” என்று அவர் தையல்காரியைக் கேட்டார்.

“தெரிஞ்சது சார். கல்யாணம் ஆனா அங்கே பேர் மாறிடும்னு சொல்வாங்களே, அதாக்கும்னு நினைச்சேன். எப்படியும் நாங்க பேர் சொல்றதில்லையே.”

சரியான கடைசிப் பக்கங்களைப் படித்தார்கள். ஏரிதான். உறைந்த ஏரி அவள் காலடியில் உடைகிறது. சேதி கேட்ட ஊரார், தர்மம் ஜெயித்தது என்று தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். கதவைச் சாத்திய அக்காவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விளக்கடியில் உட்கார்ந்து சாப்பிட்டவளோ, முன்னேபின்னே தெரியாத வீட்டுக்கு மாடு வாங்க வந்தவள். அவ்வளவு கண்ணீரும் மாட்டு வியாபாரத்துக்கா என்று தையல்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூடமே சிரித்தது.

“அப்போ ஜட்ஜம்மா சொன்னதுதான் சரி” என்றார் நியாயஸ்தரான பாய்லர்காரர். “கப் கழுவ வேண்டியது நாங்கதான். கொடுங்க.”

“அந்த ஜெயிப்பு எனக்கு வேணாம்” என்று ஜட்ஜம்மா கப்புகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எழுதினவரைவிட பைண்டிங் பண்ணவருக்கு மனசு நல்லா இருக்கு. சார், அந்தப் புத்தகம் ரெண்டையும் பிரிச்சுத் திருத்திடாதீங்க. அப்படியே இருக்கட்டும்.”

“படிக்கிறவங்க என்னைத் திட்டுவாங்கம்மா.”

“என்கிட்ட அனுப்புங்க.”

குழாயடியில் அக்கா கழுவ, தங்கை துடைத்து அடுக்கினாள். எல்லா அடுக்கும் முடிந்து, கடைசிக் கப் ஒன்று பாக்கி இருக்கும்போது தங்கை மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, அந்தப் பக்கத்தைச் சரியா வச்சுத் தைச்சிருந்தா, நீ என்னைப் பார்க்க வந்திருப்பியா?”

ஜட்ஜம்மா குழாயை மூடினாள். எதற்கும் உடனே தீர்ப்புச் சொல்கிறவள், கையிலிருந்த கப்பையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தெரியலடி” என்றாள். “அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு.”

தங்கை ஈரக் கையோடு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிக் கப்பை அவள் கையிலிருந்து வாங்கித் துடைத்து, மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தாள்.

“விடுக்கா” என்றாள். “மாட்டைப் பத்திக் காலையில பேசிக்கலாம்.”